ராமநாதபுரம் கடற்கரை: கார் இல்லாமல் ஐந்து நாள்

(ஒரு கேள்வியும் அதற்கு உள்ளூர்க்காரர்களின் பதில்களும். தேதிக்குப் பக்கத்தில் இருப்பது எழுதியவரின் பெயர் அல்லது ஊர்.)

2026 பிப்ரவரி 2, கோவைவாசி

ராமேஸ்வரத்துக்கு இரண்டு நாள் போதும், கோயிலுக்கு ஒன்று, தனுஷ்கோடிக்கு ஒன்று என்கிறார்கள். கீழக்கரை, தேவிபட்டினம், ஓரியூர் எல்லாம் கார் வைத்திருப்பவர்களுக்குத்தானாம். நான் தனி ஆள், கையில் ஒரே பை, பஸ்ஸில்தான் பயணம். மார்ச் 3 செவ்வாய் முதல் ஐந்து நாள் இருக்கிறது. அவர்கள் சொல்லும் கணக்கு சரியா? தங்குவது ராமேஸ்வரத்திலா, வேறு ஊரிலா?

பிப்ரவரி 2, இரவு, ராமநாதபுரம்

கணக்கு தப்பு. ராமநாதபுரத்தில் தங்குங்கள். இந்த ஊரிலிருந்து சாலைகள் மூன்று பக்கமாகப் பிரிகின்றன. கிழக்கே உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வழியாக ராமேஸ்வரம், ஏறக்குறைய 55 கி.மீ. வடகிழக்கே தேவிபட்டினம் 15 கி.மீ.; அந்தச் சாலையே உப்பூர், தொண்டி என்று மேலே போகிறது. தெற்கே ஒரே சாலையில் வரிசையாகத் திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி. திருப்புல்லாணி 10 கி.மீ., கீழக்கரை 17 கி.மீ. தெற்குச் சாலைக்குக் கார் தேவையே இல்லை. ஓர் இடத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, அடுத்து வரும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம்.

கார்க்காரர்கள் ஒரே நாளில் எட்டு இடம் பார்க்கிறார்கள். அதில் நான்கில் நடை சாத்தியிருக்கும்.

பிப்ரவரி 3, பாம்பன்

ஐந்து நாளும் ராமநாதபுரத்தில் தங்கினால் ராமேஸ்வரத்தின் விடியற்காலை கைவிட்டுப் போகும். ஸ்படிகலிங்க தரிசனம் காலை ஐந்திலிருந்து ஆறுக்குள். மூன்றரை மணிக்கு எழுந்து 55 கி.மீ. பஸ்ஸில் வந்து வரிசையில் நிற்பது நடக்காத காரியம். குறைந்தது இரண்டு இரவு ராமேஸ்வரத்தில் இருக்க வேண்டும்.

தம்பி, தேதியையும் கவனியுங்கள். மார்ச் 3 பௌர்ணமி, அன்று சந்திர கிரகணம். பிற்பகல் 3.20 வாக்கில் தொடங்கி மாலை 6.47 வாக்கில் விலகுகிறது. நம் ஊரில் நிலா எழும்போதே கிரகணத்தோடுதான் எழும். கிரகணத்துக்காகக் கோயில்களில் நடை சாத்துவார்கள், பூஜை நேரம் மாறும். கிரகணம் விட்டதும் அக்னி தீர்த்தத்தில் குளிக்கப் பெருங்கூட்டம் இறங்கும். அதைப் பார்க்க வேண்டும் என்று வருவதானால் சரி. கோயிலை நிதானமாகப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஒரு நாள் தள்ளி 4ஆம் தேதி வாருங்கள்.

பிப்ரவரி 3, ராமநாதபுரம்

பாம்பன் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு இரவு ராமேஸ்வரம், அடுத்த இரண்டு ராமநாதபுரம். கிரகணம் என் நினைவில் இல்லை.

பிப்ரவரி 4, கீழக்கரை

ரமலான் பிறை இந்த மாதம் 18 அல்லது 19இல் தெரியும். ஆக நீங்கள் வரும் வாரம் நோன்பு மாதத்துக்குள் விழுகிறது. பகலில் இங்கே சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ராமநாதபுரத்திலேயே காலை உணவை முடித்துவிடுங்கள், மதியத்துக்கு ஏதாவது கட்டிக்கொள்ளுங்கள். தெருவில் நின்று தண்ணீர் குடித்தால் யாரும் தடுக்கப் போவதில்லை. என்றாலும் ஓரமாகப் போய்க் குடிப்பது அழகு. மாலை மஃரிப் தொழுகைக்கு முன்னால் பள்ளிவாசல்களில் நோன்புக்கஞ்சி ஊற்றுவார்கள். கேட்டால் வெளியூர்க்காரருக்கும் கிடைக்கும். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் சேர்ந்த கஞ்சி அது.

பழைய ஜும்மா பள்ளியைப் பார்க்க இரண்டு நேரம் தவிர்க்க வேண்டும்: வெள்ளிக்கிழமை நண்பகல், மற்ற நாள்களில் தொழுகை நடக்கும் பொழுது. காலை பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை தோதான நேரம். வாசலில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். பெண்கள் எதுவரை வரலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. தலை மறைக்க ஒரு துணி, கணுக்கால் வரை உடை.

உள்ளே போனதும் தூண்களைப் பாருங்கள். கோயில் மண்டபத் தூண் மாதிரியே கல்லில் நிற்கும். தூண் தலையில் அதே போதிகை, அதே பட்டை. ஆனால் உருவம் ஒன்றுகூட இருக்காது. உருவத்துக்குப் பதில் பூவும் கொடியும் கோலமும்தான். கல்தச்சர் ஒரே மரபினர், கட்டச் சொன்னவரின் நம்பிக்கை வேறு. வள்ளல் சீதக்காதியின் அடக்கத்தலமும் இதே ஊரில்தான்.

பிப்ரவரி 4, கோவைவாசி

காக்கா (கீழக்கரையில் அண்ணனை அப்படித்தானே அழைப்பார்கள்), நோன்பு விஷயம் யாருமே சொல்லவில்லை. அந்த வாரம் வருவது தொந்தரவாக இருக்குமா?

பிப்ரவரி 4, கீழக்கரை

ஒரு தொந்தரவும் இல்லை. ஊர் இரவில் விழித்திருக்கும், அவ்வளவுதான். பகல் அமைதி கட்டடம் பார்க்க வருபவருக்கு வசதி.

பிப்ரவரி 6, ராமநாதபுரம்

காக்கா சீதக்காதியைச் சொன்னதால் இதைச் சேர்க்கிறேன். இந்தக் கடற்கரையைத் தனித்தனி ஊராகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மாதிரி இருக்கும். கிழவன் சேதுபதி என்ற ஒரே மன்னரைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் ஒன்றாகச் சேரும். ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசம் அவர் கட்டியது. சீதக்காதி அவருக்கு நெருக்கமானவர், அவருடைய அவையில் செல்வாக்கோடு இருந்த வணிகர். ஓரியூரில் அருளானந்தர் என்று மக்கள் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டதும் அவர் ஆட்சியில்தான். ஓர் அரண்மனை, ஒரு வணிகரின் அடக்கத்தலம், ஒரு தேவாலயம், மூன்றும் ஒரே தலைமுறைக் கதை. இஸ்லாமிய வணிகரை அருகில் வைத்திருந்த அதே அரசு கிறித்தவத் துறவியைக் கொன்றது என்பதை மூன்று இடத்தையும் பார்த்தவர்தான் எடை போட முடியும். அருளானந்தரின் இரத்தத்தால் சிவந்தது என்று நம்பி ஓரியூர்ச் செம்மண்ணை மக்கள் இன்றும் எடுத்துப் போகிறார்கள்.

ராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்கள் கிழவன் சேதுபதிக்கு அடுத்து வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. தஞ்சை மராத்தியரோடு போர், ஐரோப்பியர் வந்து சேதுபதியைச் சந்திப்பது, ராமாயணக் காட்சிகள் என்று சுவரும் வளைவும் தூணும் நிறைந்திருக்கும். வெயிலிலிருந்து நேராக உள்ளே போனால் ஒன்றும் தெரியாது. பத்து நிமிடம் சும்மா நின்று கண் பழகட்டும், பிறகு நிறம் ஒவ்வொன்றாக எழும். அழகன்குளம் அகழாய்வில் கிடைத்தவையும் இங்கே இருக்கின்றன. வைகை கடலில் கலக்கும் இடத்துத் துறைமுகம் அது, ரோமானிய வணிகத் தடயங்கள் கிடைத்த இடம். அழகன்குளத்துக்கே போனால் மூடிய குழிகளைத்தான் பார்க்கலாம். அதனால் இங்கே பாருங்கள்.

அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மாலை ஐந்துக்குள் முடித்துவிட வேண்டும்.

பிப்ரவரி 7, பாம்பன்

வெள்ளிக்கிழமை அரண்மனையும் இல்லை, கீழக்கரைப் பள்ளியும் நண்பகலில் ஆகாது. அப்படியானால் அந்த வெள்ளியைத் தனுஷ்கோடிக்கு வைத்துவிடுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை ஏறக்குறைய 20 கி.மீ. 2017இல் சாலை வந்தது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடியும், மீதி வேனில் மணலுக்குள். இப்போது டவுன் பஸ் போகிறது. ஏறும்போதே கண்டக்டரிடம் கடைசியாகத் திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் போலீசார் எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள். இருட்டும் வரை இருக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நாலு மணிக்குள் முனையை விட்டுக் கிளம்புகிற மாதிரி வையுங்கள்.

நிழல் கிடையாது. ஒரு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். தொப்பி காற்றில் பறக்கும், துண்டைத் தலையில் கட்டிக்கொள்வது மேல். முனையில் கடலுக்குள் இறங்காதீர்கள். இரண்டு கடலின் நீரோட்டமும் அங்கே மோதுகிறது, அடியில் மணல் சரிந்துகொண்டே இருக்கும். முழங்கால் ஆழத்தில் நிற்பவரின் காலடி மண்ணையே அலை உருவிக்கொண்டு போகும்.

வழியில் இடிந்த தேவாலயம், ரயில் நிலையச் சுவர், தண்ணீர்த் தொட்டி. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அப்படியே அடித்துச் செல்லப்பட்டது, நூறு பேருக்கு மேல் அதிலேயே இறந்தார்கள். அந்தச் சுவர்கள் மேல் ஏறிப் படம் எடுக்கிறார்கள். செய்யாதீர்கள். பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கட்டுமானம், உப்புக்காற்றில் உதிர்ந்துகொண்டிருக்கிறது. கை வைத்தாலே பொடியாக வரும். அது மட்டுமல்ல, அங்கே செத்தவர்களுக்குச் சமாதி என்று தனியாக எதுவும் கிடையாது. அந்தச் சுவர்தான்.

பிப்ரவரி 7, தேவிபட்டினம்

கோதண்டராமர் கோயிலை விட்டுவிட்டீர்கள். தனுஷ்கோடி சாலையிலேயே இடப்பக்கம் பிரிகிறது. 1964 புயலுக்குத் தப்பி நின்றது அது. விபீஷணன் பட்டாபிஷேகத் தலம். போகிற வழியில் இறங்கினால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், திரும்பும்போது இறங்குங்கள். சுற்றியுள்ள உப்பங்கழியில் மார்ச் வரை பூநாரை நிற்கும். கூட்டமாக நின்றால் கிட்டே போகாதீர்கள், ஒரு முறை கிளப்பிவிட்டால் அன்றைக்கு அந்த இடத்தில் திரும்ப இறங்காது.

பிப்ரவரி 9, கோவைவாசி

22 தீர்த்தமா, ஸ்படிகலிங்கமா, எது முதலில்? ஈரத்துணியோடு சன்னதிக்குள் போகக்கூடாது என்கிறார்களே.

பிப்ரவரி 9, பாம்பன்

ஸ்படிகலிங்கம் முதலில், உலர்ந்த துணியோடு. ஆறு மணிக்கு வெளியே வந்து கிழக்கு வாசலுக்கு எதிரே அக்னி தீர்த்தம், அதாவது கடல். அங்கே முழுகிவிட்டு ஈரத்தோடு உள்ளே வந்து 22 கிணறும். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி கோடி தீர்த்தத்தில் முடியும். கிணற்று விளிம்பில் நிற்பவர்கள் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். கவுண்டரில் டிக்கெட் வாங்கினால் போதும். சீக்கிரம் கூட்டிப் போகிறேன் என்று வெளியே கேட்பவர்களுக்குத் தனியாகக் கொடுக்கத் தேவையில்லை. முடிந்ததும் உடை மாற்றிக்கொண்டு ராமநாதசுவாமி தரிசனம்.

பிப்ரவரி 10, தேவிபட்டினம்

முறை அது இல்லை. கடலில் குளித்த பிறகுதான் உள்ளே எதுவும் என்பதுதான் பெரியவர்கள் சொல்வது. நாலு மணிக்கே கடலில் முழுகி, லாட்ஜுக்குப் போய் உடை மாற்றி ஸ்படிகலிங்கம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு மறுபடி கடலுக்கு வந்து கிணறுகளுக்குப் போவார்கள்.

பிப்ரவரி 10, பாம்பன்

உண்மைதான். சங்கல்பம் செய்து நேர்த்தியோடு வருபவர்கள் தேவிபட்டினத்தார் சொன்ன முறைப்படி செய்யட்டும். அதற்குக் கோயிலுக்குப் பக்கத்திலேயே அறை வேண்டும். கோவைவாசி எந்த முறையை எடுத்தாலும் சரி, கைபேசியை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள், உள்ளே அனுமதி இல்லை. பருத்தி வேட்டி கனமாகி இழுக்கும், மெல்லிய துணி கட்டுங்கள். மாற்றுத்துணி பிளாஸ்டிக் பைக்குள் இருக்கட்டும். கிணற்றுக்குக் கிணறு கல்தளம் வழுக்கும். ஓடுகிறவர்கள்தான் விழுகிறார்கள்.

மூன்றாம் பிரகாரத்தைக் கிணற்றுக்கு ஓடும் அவசரத்தில் பார்த்ததாகக் கணக்கு வைக்காதீர்கள். 1212 தூண்கள். மாலை மூன்று மணிக்கு நடை திறந்ததும் தனியாக ஒரு முறை வாருங்கள். மூலையில் நின்று நேராகப் பார்த்தால் தூண் வரிசை ஒரு புள்ளியில் போய் முடியும்.

பிப்ரவரி 12, தேவிபட்டினம்

காற்றைப் பற்றி ஒரு வரிகூட இங்கே இல்லை. அதை வைத்துத்தான் இந்தக் கரையில் எல்லாமே.

ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே இருப்பது பெண்கடல், தெற்கே ஆண்கடல். பெண்கடல் பாக் நீரிணை, ஆழம் குறைவு, சாதாரணமாக அடங்கிக் கிடக்கும். ஆண்கடல் மன்னார் வளைகுடா. ஐப்பசியிலிருந்து தை வரை வாடை அடிக்கும்போது பெண்கடல் கலங்கிச் சேறாகும், ஆண்கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான், சோளகம் என்ற மேற்கு, தெற்குக் காற்றுகள் அடிக்கும்போது தலைகீழ். அதனால் மார்கழியில் கடலைப் பார்க்க வருபவர் கீழக்கரை, சேதுக்கரை பக்கம் போக வேண்டும், ஆடியில் வருபவர் தேவிபட்டினம், தொண்டி பக்கம் வர வேண்டும். இது தெரியாமல் டிசம்பரில் எங்கள் ஊர்க் கடலுக்குள் நிற்கும் நவகிரகக் கற்களான நவபாஷாணம் பார்க்க வந்துவிட்டு, தண்ணீர் அழுக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது அழுக்கு இல்லை, வாடை கிளப்பிய அடிமண்.

மாசி கடைசி, பங்குனி இரண்டும் இடைக்காலம். உங்கள் தேதிக்கு இரண்டு கடலும் அடங்கியிருக்கும். அரிச்சல்முனையில் நின்றால் வலப்பக்கம் லேசாக அலை, இடப்பக்கம் குளம் மாதிரி.

நவபாஷாணத்துக்கு சூரியன் எழும்போது வாருங்கள். கடலுக்குள் நடைபாதை போட்டிருக்கிறது. ஒன்பது கல்லும் நீர் வற்றும்போதுதான் நன்றாகத் தெரியும். எட்டு மணிக்கு மேல் பரிகாரம் செய்ய வருபவர் கூட்டம்.

பிப்ரவரி 12, பாம்பன்

ரயிலில் வருபவருக்கும் காற்று முக்கியம். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறந்த பிறகு ராமேஸ்வரம் வரை ரயில் மறுபடி ஓடுகிறது. கப்பல் போக நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக எழும். பழைய 1914 பாலத்தில் அந்த நடுத்துண்டு இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் மேலே தூக்கித் திறந்தது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் இருந்தால் ரயிலை மண்டபத்தோடு நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். மார்ச்சில் அந்தக் கவலை இல்லை.

பிப்ரவரி 14, கோவைவாசி

சாப்பாடு? வாங்கிப் போக என்ன?

பிப்ரவரி 14, பாம்பன்

ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை சேரும். ஆக செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை மீன் புதிது. மற்ற நாள் நாட்டுப்படகு மீன், அளவு குறைவு, ஆனால் அன்றைக்கே பிடித்தது. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில் வருபவர் விலை கேட்டு அதிர்ச்சி அடைய வேண்டாம்.

பிப்ரவரி 15, கீழக்கரை

தொதல் வாங்குங்கள். தேங்காய்ப்பாலும் இனிப்பும் மாவும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது. விரலில் ஒட்டாமல் அழுத்தினால் எண்ணெய் மினுங்க வேண்டும், அதுதான் பதம். கிண்டியது போதாவிட்டால் மாவு வாடை வரும், சீக்கிரம் பூசணமும் பிடிக்கும். எந்த நாள் கிண்டியது என்று கேட்டு வாங்குங்கள்.

கருப்பட்டிக்குச் சாயல்குடிப் பக்கம் பேர் போனது. உடைத்துப் பாருங்கள்: உள்ளே மின்னினால் சீனி கலந்தது. மங்கலாக, பனைமணத்தோடு இருந்தால் நல்லது. மாசியில் பதநீர் இறங்கத் தொடங்கியிருக்கும். காலை ஒன்பதுக்குள் குடிக்க வேண்டும், வெயில் ஏறினால் புளிக்கும்.

பிப்ரவரி 15, ராமநாதபுரம்

முண்டு மிளகாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உருண்டை, தடித்த தோல். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாசி, பங்குனிதான் புது வத்தல் வரும் காலம்.

பிப்ரவரி 17, கீழக்கரை

ஏர்வாடி பற்றி ஒன்று. தர்கா எல்லா மதத்தாரும் வரும் இடம். மனநோய் தீர வேண்டும் என்று மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்களும் இருக்கிறார்கள். 2001 தீவிபத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெந்து போன ஊர் இது. அவர்களையோ உறவினர்களையோ படம் எடுக்காதீர்கள், அனுமதி கேட்டுக்கூட எடுக்காதீர்கள். மறுக்கும் நிலையில் அவர்கள் இல்லை.

பிப்ரவரி 20, கோவைவாசி

இப்படி வைத்திருக்கிறேன். 4 புதன் நேராக ராமேஸ்வரம். 5 வியாழன் ஸ்படிகலிங்கம், தீர்த்தம், மாலை மூன்றாம் பிரகாரம். 6 வெள்ளி தனுஷ்கோடி, இரவு ராமநாதபுரம். 7 சனி காலை ஆறரைக்குத் தெற்குச் சாலை: திருப்புல்லாணி, அங்கிருந்து சேதுக்கரை, பத்தரைக்குக் கீழக்கரை, பிற்பகல் ஏர்வாடி. 8 ஞாயிறு விடியலில் தேவிபட்டினம், பத்து மணிக்கு ராமலிங்க விலாசம், இரவு ரயில். உத்தரகோசமங்கையும் ஓரியூரும் இடம் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 20, தேவிபட்டினம்

உத்தரகோசமங்கை மரகத நடராஜரைச் சந்தனம் களைந்து பார்க்க மார்கழித் திருவாதிரைக்குத்தான் வர வேண்டும். அதற்குத் தனியாக ஒரு பயணம் வையுங்கள்.

பிப்ரவரி 21, ராமநாதபுரம்

ஒரு திருத்தம். புதன் நேராக ராமேஸ்வரம் போகாதீர்கள். எப்படியும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். மதியம் இறங்குங்கள், பையைத் தூக்கிக்கொண்டே அரண்மனைக்கு ஆட்டோவில் வாருங்கள், மூன்றரை வரை ஓவியம், நாலு மணிக்கு ராமேஸ்வரம் பஸ். சேதுபதிகளை முதலில் பார்த்துவிட்டால் மறுநாள் மூன்றாம் பிரகாரத்தில் நிற்கும்போது அது யார் வீட்டுப் பணத்தில் எழுந்தது என்று தெரிந்தே நிற்பீர்கள். ஞாயிறு காலை தேவிபட்டினத்திலிருந்து திரும்பாமல் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேலே போய் காரங்காடு விலக்கில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகு போகும். மதியச் சாப்பாடு அங்கேயே ஊர்ப்பெண்கள் சமைப்பது, ஆனால் போய் இறங்கியதும் முதல் வேலையாகச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாமல் படகு ஏறினால் திரும்பி வரும்போது சோறு இருக்காது.